ஃப்ரன்ட் மேட்டர் பார்சர் ஜெம்: சரியான ஃபைலுக்கு ஓகே, தப்பான ஃபைலுக்கு?

ஒரே டெக்ஸ்ட் ஃபைலுக்குள் மேலே தலைப்பு, தேதி, வகுப்பு என்று நாலைந்து வரி விவரம், கீழே பாடம், அதற்கும் கீழே கேள்வி, விடை, ஆசிரியருக்கான குறிப்பு. இப்படிப் பல பகுதிகளை அடுக்கி வைத்த ஃபைல்களை ஒரு ரூபி ஆப் படித்துப் பிரித்துக்கொள்ள வேண்டும், எங்கள் தேவை இவ்வளவுதான். டேட்டாபேஸ் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் எளிது: பாடம் எழுதுகிறவர்கள் ஆசிரியர்கள், அவர்களுக்கு நோட்பேட் போதும், எங்களுக்கு ஃபைல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் போதும், யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பது தானாகப் பதிவாகிவிடும். மேலே வைக்கும் அந்த விவரப் பகுதிக்கு ஃப்ரன்ட் மேட்டர் என்று பெயர், அதைப் பிரித்தெடுக்கும் ஃப்ரன்ட் மேட்டர் பார்சர் என்கிற ஜெம்மை (ரூபிக்கான நிரல் தொகுப்பு) இதற்காக எடுத்துப் போட்டோம். கூடவே, டெக்ஸ்ட் ஃபைல்களிலிருந்து வலைத்தளம் கட்டும் ஜெகில், நனாக், வலை ஆப் எழுத உதவும் சினாட்ரா மூன்றும் இதே வேலையை எப்படிச் செய்கின்றன என்று அவற்றின் சோர்ஸையும் திறந்து பார்த்தேன். அதனால் இது ஒரு ஜெம்முக்கான ரிவ்யூ என்றாலும் மற்ற மூன்றையும் இழுக்காமல் எழுத முடியாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரமாக வந்தவர்கள் இதோடு போய்விடலாம். ஃபைலில் இரண்டே பகுதி, அதாவது மேலே யாம்ல் (சாவி, மதிப்பு என்று வரி வரியாக விவரம் எழுதும் வடிவம்), கீழே உள்ளடக்கம், எழுதுகிறவர்களும் புரோகிராமர்கள் என்றால் இந்த ஜெம்மைத் தயங்காமல் போடலாம். மூன்றாவது பகுதி ஒன்று வந்துவிட்டால், அல்லது எழுதுகிறவருக்கும் புரோகிராமிங்குக்கும் சம்பந்தமில்லை என்றால், இது பாதி வேலையைத்தான் செய்யும், மீதியை நாம்தான் எழுத வேண்டும். ஃபைலைப் படித்து ஏற்றும் எந்த லோடராக இருந்தாலும் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஃபைல் தப்பாக இருந்தால் அது என்ன செய்கிறது? சரியான ஃபைலை எல்லாமே சரியாகத்தான் படிக்கின்றன. அதற்கு ஒரு வரி ரெகெக்ஸே (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரம்) போதும், ஜெம் எதற்கு?

முதலில் நல்ல விஷயங்கள். பார்ஸ் ஃபைல் என்று ஒரே ஒரு மெத்தட், அதற்கு ஃபைலின் பாதையைக் கொடுத்தால் போதும். நீட்டிப்பைப் பார்த்து இது மார்க்டவுனா, ஹாம்லா, ஸ்லிம்மா, இஆர்பியா, லிக்விடா என்று அதுவே முடிவு செய்துகொள்கிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அந்தந்த மொழியின் கமென்ட்டுக்குள்ளேயே ஃப்ரன்ட் மேட்டரை வைக்கலாம் என்பது. ஸ்லிம் ஃபைலில் மேலே கமென்ட்டாக யாம்ல் எழுதினால், டெம்ப்ளேட் எஞ்சின் அதைக் கமென்ட் என்று விட்டுவிடும், இந்த ஜெம் அதையே விவரமாக எடுத்துக்கொள்ளும், ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இரண்டும் வேலை செய்கின்றன. திரும்பக் கிடைப்பது ஒரு சின்ன ஆப்ஜெக்ட், ஃப்ரன்ட் மேட்டர் ஒரு ஹேஷ் (சாவி-மதிப்புப் பட்டியல்), கன்டென்ட் ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்). யாம்ல் பிடிக்காதவர்கள் விவரப் பகுதியைப் படிக்கும் லோடரை மாற்றிக்கொள்ளலாம், கால் என்கிற மெத்தட் உள்ள எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறது, ஒரு வரி லாம்டா போட்டு ஜேசனுக்கு மாறிவிடலாம். இதைவிடச் சின்னதாக ஒரு ஜெம்மை எழுத முடியாது என்றுதான் தோன்றுகிறது, அதை நான் பாராட்டாகவே சொல்கிறேன்.

அப்புறம் முதல் பாடத்தில் தேதி போட்டதும் எர்ரர் வரும். பயப்பட வேண்டாம், இது ஜெம்மின் குற்றம் இல்லை, வேண்டுமென்றே வைத்த பூட்டு. தேதி என்று எழுதி 2024-01-15 என்று மேற்கோள்குறி இல்லாமல் போட்டால் யாம்ல் அதை டேட் கிளாஸின் ஆப்ஜெக்ட்டாக மாற்றப் பார்க்கும், ஜெம் உள்ளே பயன்படுத்துவது சேஃப் லோட் (அனுமதித்த வகைகளை மட்டும் ஏற்கும் மெத்தட்) என்பதால் அனுமதிக்காத கிளாஸ் என்று சொல்லி நின்றுவிடும். யாம்ல் லோடரை உருவாக்கும்போது அனுமதிப் பட்டியலில் டேட்டைச் சேர்த்துக் கொடுத்தால் தீர்ந்தது. இந்தக் கெடுபிடி ஏன் என்று இளசுகள் கேட்கிறார்கள். 2013 ஜனவரியில் ரெயில்ஸ் என்கிற ரூபி வலை ஃபிரேம்வொர்க்கில் யாம்ல் வழியாக வெளியாள் சர்வரில் குறியீட்டையே ஓட்டிவிடலாம் என்கிற பெரிய ஓட்டை வெளியானது, அதே மாதக் கடைசியில் ஜெம்களைப் பகிரும் ரூபிஜெம்ஸ் தளத்திலேயே யாம்ல் வழியாகப் புகுந்தார்கள். யாம்ல் என்பது வெறும் டெக்ஸ்ட் அல்ல, கேட்டால் ரூபி ஆப்ஜெக்ட்டையே செய்து கொடுக்கும் என்பதுதான் சிக்கல். அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் வெறும் லோட் மெத்தட் என்பது ஆபத்தானதாகவே இருந்தது. 2021 டிசம்பரில் ரூபி 3.1 வந்தபோதுதான், கூடவே வந்த சைக் 4 (ரூபியின் யாம்ல் நூலகம்) அதைச் சேஃப் லோட்டாக மாற்றியது. பழைய ஆப்களை 3.1க்குக் கொண்டுபோனவர்கள் அன்றைக்குப் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டார்கள், தேதி, யாம்ல் அலையஸ் எல்லாம் ஒரே நாளில் எர்ரராக மாறின. ஆனால் அது சரியான மாற்றம், இந்த ஜெம்மும் சரியான பக்கம்தான் நிற்கிறது.

இனி வருவதுதான் நான் நட்சத்திரம் குறைத்த இடம். ஃபைலின் தொடக்கத்தில் மூன்று கோடு (---) பொருந்தவில்லை என்றால் இந்த ஜெம் எர்ரர் தருவதில்லை. காலியான ஹேஷ் ஒன்றைக் கொடுத்துவிட்டு, முழு ஃபைலையும் உள்ளடக்கம் என்று நீட்டுகிறது. ஃப்ரன்ட் மேட்டர் இல்லாத ஃபைலும் உலகத்தில் உண்டு என்பதால் இது நியாயமான முடிவுதான், ஆனால் பாட ஆப்பில் இதன் விளைவு என்ன? தலைப்பே இல்லாத பாடம் ஒன்று திரையில் வரும், அதன் மேலே 'தலைப்பு', 'வகுப்பு' என்று விவர வரிகள் எல்லாம் பாடத்தின் முதல் பத்தியாக நிற்கும். மாணவர்தான் அதை முதலில் பார்ப்பார், நாம் இல்லை.

இப்படி நடக்க ஆசிரியர் பெரிதாகத் தப்புச் செய்ய வேண்டியதில்லை. பழைய விண்டோஸ் நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் ஃபைலின் முதலில் மூன்று பைட் கண்ணுக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும், பாம் என்பார்கள். விண்டோஸ் 10இன் 1903 பதிப்புக்குப் பிறகு வந்த நோட்பேட் இதைத் தானாகச் சேர்ப்பதில்லை, ஆனால் பள்ளிகளில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எந்தக் காலத்தவை என்று உங்களுக்கே தெரியும். எடிட்டரில் பார்த்தால் முதல் வரி பளிச்சென்று மூன்று கோடு, ரூபிக்கு மட்டும் அதற்கு முன்னால் ஒரு எழுத்து. பொருந்தாது, முழு ஃபைலும் உள்ளடக்கமாகிவிடும். இதற்கு வழி, பார்ஸ் ஃபைல் மெத்தடை விட்டுவிட்டு நாமே ஃபைலைத் திறப்பது. ரூபியில் ஃபைல் திறக்கும்போது என்கோடிங்கை 'பாம்|யூடிஎஃப்-8' என்று (ஆங்கில எழுத்தில்தான், நடுவில் அந்தச் செங்குத்துக் கோட்டோடு) கொடுத்தால் அந்த மூன்று பைட்டும் இருந்தால் நீக்கிவிட்டுப் படிக்கும், இல்லையென்றால் அப்படியே படிக்கும். அப்படிப் படித்த ஸ்ட்ரிங்கைப் பார்சரிடம் கொடுத்து, வகை மார்க்டவுன் என்று சொல்லிவிட்டால் போதும்.

நாமே திறப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. என்கோடிங் சொல்லாமல் ஃபைலைப் படித்தால் ரூபி சிஸ்டத்தின் மொழி அமைப்பான லொக்கேலைப் பார்த்து முடிவு செய்யும். லேப்டாப்பில் எல்லாம் யூடிஎஃப்-8, ஒன்றும் தெரியாது. சர்வரில் லாங் என்கிற என்விரான்மென்ட் மாறி காலியாகவோ சி என்றோ இருந்தால் ரூபி அதை ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமான வெறும் ஆஸ்கி என்று எடுத்துக்கொள்ளும், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பைட், அத்தனையும் ஆஸ்கிக்கு வெளியே, ரெகெக்ஸ் ஓடத் தொடங்கியதும் தவறான பைட் வரிசை என்று விழுந்துவிடும். முன்பு நாங்கள் வாடகைக்கு வைத்திருந்த ஒரு ஹோஸ்டிங்கில் ஆப் நன்றாக ஓடும், இரவில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் வழியாக ஓடும் வேலை மட்டும் விழும், ஏனென்றால் கிரானுக்கு லாங் போய்ச் சேரவில்லை. அவர்களிடம் கேட்டால் உங்கள் ஆப்பில்தான் பிழை என்று ஒரே பதில், ஆங்கில ஃபைல் எல்லாம் ஓடுகிறதே என்று கூடுதல் விளக்கம் வேறு. ரூபியின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் லாங் ஏற்கெனவே யூடிஎஃப்-8ஆக வைக்கப்பட்டிருக்கிறது, அதனால் டாக்கர் ஆட்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆனாலும் என்கோடிங்கைக் குறியீட்டிலேயே எழுதிவிடுவது உத்தமம்.

அடுத்த குறை சின்னது, ஆனால் தினமும் கடிக்கும். யாம்ல் தப்பாக இருந்தால் எர்ரர் வருகிறது, நல்லது, ஆனால் எந்த ஃபைல் என்று அதில் இல்லை. ஃபைல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்னோன்' என்று அடைப்புக்குறிக்குள் வரும், ஏனென்றால் லோடருக்குப் போவது வெட்டி எடுத்த ஸ்ட்ரிங் மட்டும்தான், பாதை போவதில்லை. சைக்கின் சேஃப் லோட் ஃபைல் பெயரை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருக்கிறது, ஜெம்தான் கொடுப்பதில்லை. நூற்றுக்கணக்கான பாடங்களை வரிசையாக ஏற்றும்போது எங்கோ 4ஆம் வரியில் கோளாறு என்றால் யார் தேடுவது? நாங்கள் லோடரையே மாற்றி எழுதி, பாதையையும் சேர்த்துக் கொடுத்தோம். ஐந்து வரி வேலை, ஆனால் அது ஜெம்மிலேயே இருந்திருக்க வேண்டிய ஐந்து வரி.

இதில் ஜெகில் எவ்வளவு சமர்த்து என்று பாருங்கள். 2008இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதியது, இன்றைக்கு மார்க்டவுன் ஃபைலின் மேலே மூன்று கோட்டுக்கு நடுவில் யாம்ல் எழுதுவது எல்லா இடத்திலும் பழக்கமாகிவிட்டது என்றால் அதற்கு இதுதான் முக்கியக் காரணம். அதன் ரெகெக்ஸ் ஒரே வரி. மேல் மூன்று கோட்டையும் சேர்த்தே பிடித்து யாம்ல் பார்சரிடம் கொடுக்கிறது. மூன்று கோடு என்பது யாம்லிலேயே ஆவணத்தின் தொடக்கம் என்பதால் பார்சர் அதைக் கண்டு முகம் சுளிப்பதில்லை, அதோடு எர்ரரில் வரும் வரி எண் ஃபைலின் வரி எண்ணோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஒரு வரியைக் கூடவோ குறையவோ எண்ண வேண்டாம். வார்னிங்கில் ஃபைல் பெயரும் வரும். இவ்வளவு நன்றாகச் செய்துவிட்டு ஜெகில் சறுக்கும் இடம் வேறு: யாம்ல் தப்பாக இருந்தால் டெர்மினலில் ஒரு வார்னிங் போட்டுவிட்டு, விவரம் எதுவும் இல்லாத பக்கமாக அதை எடுத்துக்கொண்டு சைட்டைக் கட்டி முடித்துவிடும். அங்கேயே நிற்க வேண்டும் என்றால் ஸ்ட்ரிக்ட் ஃப்ரன்ட் மேட்டர் என்கிற செட்டிங்கை நாம் ஆன் செய்ய வேண்டும், இயல்பில் அது ஆஃப். முதல் வரியில் மூன்று கோடு இல்லாத ஃபைல் என்றால் அது பக்கமே இல்லை, படம், பிடிஎஃப் போல அப்படியே நகலெடுத்துவிடும். பாம் உள்ள ஃபைல்களை வைக்காதீர்கள் என்று அவர்களுடைய ஆவணத்திலேயே கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள், எச்சரிக்கிற நேரத்துக்கு அதை நீக்கிவிட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

நனாக்தான் என் கட்சி. டெனிஸ் டெஃப்ரெய்ன் 2007இல் தொடங்கியது, ஜெகிலைவிட மூத்தது, ஆனால் நம் ஊர்ப் பக்கம் அதைப் பயன்படுத்துகிறவர்களை நான் பார்த்ததில்லை. மூன்று கோடோ ஐந்து கோடோ போடலாம். விவரங்களைத் தனி யாம்ல் ஃபைலாகப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஃபைல் கோட்டோடு தொடங்குகிறது, ஆனால் மூடும் கோடு இல்லை என்றால், விவரப் பகுதி போலத் தொடங்குகிறது ஆனால் வடிவம் சரியில்லை என்று ஃபைல் பெயரோடு சொல்லி நிறுத்திவிடும். விவரப் பகுதி சாவியும் மதிப்புமாக இல்லாமல் வெறும் வாக்கியமாக இருந்தாலும் அதைச் சொல்லும். இந்த இரண்டு சோதனையைத்தான் நான் ஃப்ரன்ட் மேட்டர் பார்சரில் தேடித் தேடி ஏமாந்தேன். இதே வகையைச் சேர்ந்த மிடில்மேன் பற்றியும் ஒரு வார்த்தை: அதில் யாம்லுக்கு மூன்று கோடு, ஜேசனுக்கு மூன்று அரைப்புள்ளி (;;;), எந்த வடிவம் என்று குறியிலேயே தெரிந்துவிடுகிறது. ஜெகிலிலிருந்து பிரிந்து 2020இல் வந்த பிரிட்ஜ்டவுனில் அந்த இடத்தில் ரூபி குறியீட்டையே எழுதலாம், புரோகிராமர்களுக்கு ஜாலி, எங்கள் ஆசிரியர்களுக்கு ஆகாது.

யாம்லைப் பற்றியும் கொஞ்சம் புலம்பிவிடுகிறேன், ஏனென்றால் புகார் வரும்போது எல்லோரும் ஜெம்மைத்தான் திட்டுகிறார்கள். தலைப்பில் முக்காற்புள்ளி போட்டால் போச்சு. 'தலைப்பு: சந்தி: ஓர் அறிமுகம்' என்று எழுதினால் இரண்டாவது முக்காற்புள்ளியில் யாம்ல் குழம்பி எர்ரர் தரும், மேற்கோள்குறிக்குள் வைத்தால்தான் ஏற்கும். டேப் விசையைத் தட்டி வரியை உள்ளே தள்ளினாலும் எர்ரர். இவையாவது சத்தம் போடுகின்றன, சத்தமில்லாமல் கெடுப்பவைதான் மோசம். வகுப்பு தொடங்கும் நேரம் என்று 6:30 எழுதினால் ரூபியில் கையில் கிடைப்பது 23400. யாம்ல் 1.1இல் முக்காற்புள்ளி போட்ட எண் அறுபதின் அடிமான எண், சைக் அதை மணி, நிமிடம் என்று கொண்டு விநாடியாக மாற்றிக் கொடுத்துவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் 010 எட்டாக மாறும். நார்வேயின் நாட்டுக் குறியீட்டை ஆங்கிலத்தில் அப்படியே போட்டால் பொய் என்று ஆகிவிடும், இது ஊரறிந்த கதை. வழி என்னவென்றால், படித்த பிறகு ஒவ்வொரு சாவிக்கும் இது ஸ்ட்ரிங்கா, எண்ணா, தேதியா என்று ஒரு சரிபார்ப்பு வைப்பது. எந்த ஜெம்மும் இதை உங்களுக்காகச் செய்யாது, செய்யவும் முடியாது, உங்கள் ஃபைலில் நேரம் எது எண் எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

இப்போது மூன்றாவது பகுதிக்கு வருகிறேன். பாடத்துக்குக் கீழே கேள்வி, விடை, குறிப்பு எல்லாம் வேண்டும். ஃப்ரன்ட் மேட்டர் பார்சர் இங்கே கையை விரித்துவிடும், அதன் பெயரிலேயே இருக்கிறதே, முன்பகுதி மட்டும்தான். நிறையப் பேர் உடனே செய்வது முழு ஃபைலையும் மூன்று கோட்டால் ஸ்ப்ளிட் செய்வது. மார்க்டவுனில் மூன்று கோடு என்றால் படுக்கைக் கோடு வரைவது என்றும் பொருள், ஆசிரியர் பாடத்தின் நடுவே அழகுக்கு ஒரு கோடு இழுத்தால் பாடம் இரண்டாகிவிடும். ஸ்ப்ளிட்டுக்கு எல்லை மூன்று என்று கொடுத்து, வரியில் அது மட்டும் இருந்தால்தான் வெட்ட வேண்டும் என்று ரெகெக்ஸில் சொன்னால் முன்பகுதி வரை சமாளிக்கலாம், அதற்குக் கீழே வேறு குறி வேண்டும். சைடில் ஒரு விஷயம்: வேறு மொழியிலிருந்து ரூபிக்கு வருகிறவர்கள் தொப்பிக் குறியை (^) ஸ்ட்ரிங்கின் தொடக்கம் என்று நினைக்கிறார்கள், ரூபியில் அது எப்போதுமே வரியின் தொடக்கம், ஸ்ட்ரிங்கின் தொடக்கத்துக்குத் தனிக் குறி உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் எழுதிய ஃப்ரன்ட் மேட்டர் ரெகெக்ஸ்கள் பாடத்தின் நடுவில் இருக்கும் கோட்டைப் போய்ப் பிடிக்கும்.

வேறு குறிக்கு சினாட்ராவைப் பாருங்கள். சினாட்ராவில் ஆப் முழுவதையும் ஒரே ரூபி ஃபைலில் எழுதி, கடைசியில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோட்டோடு எண்ட் என்று ஒரு வரி போட்டு, அதற்குக் கீழே @@ குறியோடு பெயர் எழுதி டெம்ப்ளேட்டுகளை வரிசையாக வைக்கலாம். பல பகுதி ஃபைலுக்கு இதைவிடத் தெளிவான வடிவத்தை நான் பார்த்ததில்லை. உள்ளே இருக்கும் குறியீடு ஒரு பக்கம்கூட இல்லை. முதலில் விண்டோஸ் வரி முடிவுகளைச் சாதாரண வரி முடிவாக மாற்றுகிறது. எண்ட் வரியில் ஃபைலை இரண்டாக வெட்டுகிறது. மேல் பாதியில் என்கோடிங் கமென்ட் இருந்தால் அதையே கீழ்ப் பாதிக்கும் எடுத்துக்கொள்கிறது. அப்புறம் ஒவ்வொரு வரியாகப் போய் @@ வந்தால் புதிய பகுதி, வராவிட்டால் நடப்புப் பகுதியோடு சேர். இதெல்லாம் யாரும் எழுதிவிடலாம். நான் வியந்தது, மேல் பாதியில் எத்தனை வரி என்று எண்ணிவைத்து, ஒவ்வொரு பகுதியோடும் ஃபைல் பெயரையும் வரி எண்ணையும் சேர்த்தே சேமிக்கிறது. டெம்ப்ளேட்டில் பிழை வந்தால் அந்த எண், டெம்ப்ளேட்டுகளை ஓட்டும் டில்ட் ஜெம் வழியாகக் கடைசி வரை போய், ஃபைலின் உண்மையான வரியைக் காட்டும் எர்ரராக வருகிறது. வெட்டி எடுத்த துண்டுக்குத் தான் எங்கிருந்து வந்தோம் என்று தெரிந்திருக்க வேண்டும், பல பகுதி ஃபைல் படிக்கும் எந்த லோடருக்கும் இதுதான் முக்கியம்.

சினாட்ராவிலும் ஓட்டைகள் உண்டு. எண்ட் வரிக்கும் முதல் @@ வரிக்கும் நடுவில் எதையாவது எழுதினால் அது சத்தமில்லாமல் காணாமல் போகும். ஒரே பெயரில் இரண்டு பகுதி இருந்தால் இரண்டாவது முதலாவதை மூடிவிடும், அதற்கும் சத்தமில்லை. ரூபியில் கிளாஸ் மாறிகளுக்கும் @@ தான் குறி என்பதால், ரூபி சொல்லித்தரும் பாடம் ஒன்றை இந்த வடிவத்தில் எழுதி, அதில் கிளாஸ் மாறி ஒன்று வரியின் முதல் எழுத்திலேயே தொடங்கினால் அந்த வரி புதிய பகுதியாகிவிடும். உள்ளே தள்ளி எழுதினால் தப்பிக்கலாம். டெம்ப்ளேட்டில் இதெல்லாம் அரிது, பாடத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

எண்ட் வரி என்றதும், அதற்குக் கீழே உள்ளதை ரூபியே எடுத்துக் கொடுக்கும் டேட்டா என்கிற கான்ஸ்டன்டைப் பயன்படுத்தலாமே என்று சிலர் வருவார்கள். அது முதலில் ஓடத் தொடங்கிய ஸ்கிரிப்டுக்கு மட்டும்தான். ரெக்வயர் செய்த ஃபைலின் அடியில் நீங்கள் எண்ட் போட்டு எழுதியதை அது காட்டாது. ரெயில்ஸிலோ, சோதனைகளை ஓட்டும் ஆர்ஸ்பெக்கிலோ முதல் ஸ்கிரிப்ட் வேறு ஏதோ ஒன்று, அங்கே டேட்டா என்று கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்று எர்ரர்தான் வரும். ஒற்றை ஃபைல் ஸ்கிரிப்டுக்கு அருமை, ஆப்புக்கு மறந்துவிடுங்கள்.

கடைசியில் நாங்கள் வந்து நின்ற இடம்: மேல் பகுதிக்கு ஃப்ரன்ட் மேட்டர் பார்சர், கீழே @@ குறிகளுக்குச் சினாட்ராவைப் பார்த்து எழுதிய சொந்தப் பார்சர். முதல் குறிக்கு முன்னால் வருவது பாடம், காணாமல் போகாது. ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் எர்ரர். தெரியாத பெயர் வந்தால் எர்ரர், கூடவே இருக்கும் பெயர்களின் பட்டியல். ஸ்ட்ரிங்கை நகர்ந்து நகர்ந்து படிக்கும் ஸ்ட்ரிங்ஸ்கேனரை வைத்துத்தான் முதலில் எழுதினேன், ரூபியோடு வருவதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, வேகமும் அதிகம், ஆனால் அதன் பொசிஷன் பைட்டில் வரும், தமிழில் 'கொ' என்கிற ஓர் எழுத்து யூனிகோடில் இரண்டு குறியீட்டுப் புள்ளி, ஆறு பைட், ஆகவே எத்தனையாவது எழுத்தில் பிழை என்று அதை வைத்து ஆசிரியரிடம் சொன்னால் அவர் எங்கோ தேடுவார். வரி எண் மட்டும் போதும் என்று வரி வரியாகப் படிப்பதற்கே திரும்பிவிட்டோம்.

தமிழில் பகுதிப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது, இதை எந்த ஆவணத்திலும் நான் பார்க்கவில்லை. @@ நோக்கம் என்று ஒரு பகுதி. 'நோ'வில் உள்ள ஓகாரக் குறி யூனிகோடில் ஒற்றைப் புள்ளியாகவும் வரலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகச் சேர்ந்தும் வரலாம், திரையில் இரண்டும் ஒன்றேதான். சில கீபோர்டுகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் இரண்டாவது வகையைத் தருகின்றன. ரூபி ஹேஷுக்கு இரண்டும் வெவ்வேறு சாவி. 'நோக்கம் என்ற பகுதி தெரியாது, இருக்கும் பகுதிகள்: நோக்கம்' என்று எர்ரர் வந்தால் படிக்கிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? ரூபி 2.2இலிருந்து ஸ்ட்ரிங்கிலேயே யூனிகோட் நார்மலைஸ் என்கிற மெத்தட் இருக்கிறது, ஒற்றைப் புள்ளியாகச் சேர்த்துவிடும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சாவியாக வைத்தால் பிரச்சினை தீரும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இது பொருந்தும். ஃப்ரன்ட் மேட்டரின் சாவிகளைத் தமிழில் வைத்தால் அங்கேயும் இதைச் செய்ய வேண்டும், யாம்ல் செய்து தராது.

ஏற்றுவதைப் பற்றிச் சுருக்கமாக. ஆப் தொடங்கும்போதே எல்லா ஃபைலையும் படித்து, மாற்ற முடியாதபடி ஃப்ரீஸ் செய்து நினைவில் வைத்துவிடுகிறோம், டெக்ஸ்ட் ஃபைல்தானே, பெரிய சுமை இல்லை. ஒரு ஃபைலில் பிழை என்றதும் நிற்காமல் எல்லா ஃபைலையும் பார்த்துப் பிழைகளை மொத்தமாகச் சேர்த்துக் கடைசியில் சொல்கிறோம், இல்லையென்றால் ஒன்றைத் திருத்தி ஓட்ட, அடுத்தது வர, அதைத் திருத்தி ஓட்ட என்று பொழுது போகும். டெவலப்மென்டில் ரெயில்ஸின் ஃபைல் அப்டேட் செக்கர் மாற்றத்தைக் கவனித்துத் திரும்பப் படிக்கிறது. பாடங்களின் வரிசை ஃபைல் பெயரை நம்பியிருந்தால் ரூபி பதிப்பைப் பாருங்கள், ஃபைல் பட்டியலை எடுக்கும் டைரக்டரி குளோப் இயல்பாகவே வரிசைப்படுத்தித் தருவது ரூபி 3.0இலிருந்துதான், அதற்கு முன் ஃபைல் சிஸ்டம் கொடுக்கிற வரிசைதான்.

நட்சத்திரம் கேட்பவர்களுக்கு: ஃப்ரன்ட் மேட்டர் பார்சருக்கு ஐந்துக்கு மூன்றரை. வலைப்பதிவு, ஆவணத் தளம், சொந்தக் குறிப்புகள் போன்றவற்றுக்கு நாலரைகூடக் கொடுப்பேன். ஃபைல் பெயரை லோடருக்குக் கொடுப்பதும், மூடாத கோட்டுக்கு நனாக் போல எர்ரர் தருவதும் அடுத்த பதிப்பில் வந்தால் நாங்கள் எழுதி வைத்திருக்கும் சுற்றுக் குறியீட்டில் பாதியைத் தூக்கி எறிந்துவிடுவோம். ஏற்கெனவே ஜெகிலில் இருப்பவர்கள் இந்த ஜெம்முக்காக எதையும் மாற்ற வேண்டாம், ஸ்ட்ரிக்ட் ஃப்ரன்ட் மேட்டரை மட்டும் இன்றைக்கே ஆன் செய்துவிட்டு ஒரு முறை பில்ட் ஓட்டிப் பாருங்கள். பழைய சைட் என்றால் இரண்டு மூன்று பக்கமாவது விழும்.